குளக்கரையில் சாரன் உடுத்த ஆள்

1

போன கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐந்தாறு வரிதான். அதைப் படித்துவிட்டு நானும் மனைவியும் மகளும் குசினிக்குள் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் நிற்க முடியாது.

அதில் என்ன எழுதியிருந்தது என்பதை இப்போதே சொன்னால், கல்முனையில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. முதலில் இந்தக் குளத்தைச் சொல்ல வேண்டும். பிறகு, சென்ற வருடம் இதே மாதத்தில் நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

நான் சாய்ந்தமருதுக்காரன். பதினொரு வருடங்களாக இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். எங்கள் வீட்டுக்கும் பஸ் டிப்போவுக்கும் நடுவில் ஒரு குளம் இருக்கிறது. குளம் என்றதும் நம் பக்கத்துக் குளங்களை நினைத்துவிடாதீர்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் பள்ளிவாசல் ஹவுழை விடப் பெரிது, பந்து விளையாடும் மைதானத்தை விடச் சிறிது. வீட்டுத் திட்டம் கட்டியபோது மழைத்தண்ணீர் வடிவதற்காக வெட்டியதாம். அதற்குள் தாழைக்கோழி, நாமக்கோழி, தாரா, சாம்பல் நாரை, தவளை, தும்பி என்று ஒரு ஊரே குடித்தனம் நடத்துகிறது. காலை வேலை இல்லாத நாட்களில் சுபஹ் தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும் கமெராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன்.

தொழுத கோலத்திலேயே போவேன். இடுப்பில் கட்டம் போட்ட மருதமுனைச் சாரன், மேலே பச்சை ஜம்பர், காலில் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. என் மனைவி சம்ஸியா மருதமுனைக்காரி. ஊரிலிருந்து யார் வந்தாலும் அவளுடைய தம்பி அவர்களிடம் இரண்டு சாரன் கொடுத்தனுப்பிவிடுவார். சேற்றில் குந்தியிருந்து படம் எடுப்பதற்கு அதைப் போல வசதியான உடுப்பை வெள்ளைக்காரன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வந்த புதிதில் இந்தக் குளத்தால் டிப்போவில் ஒரு கூத்து நடந்தது. நாம் ஊரில் படித்த ஆங்கிலத்தில் குளம் என்றால் டேங்க். நானும் அப்படியே, "ஒவ்வொரு நாள் காலையிலும் டேங்கைப் போய்ப் படம் எடுக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். இங்கே டேங்க் என்றால் மீன் வளர்க்கும் கண்ணாடிப் பெட்டி, இல்லாவிட்டால் இராணுவத்தின் கவச வண்டி. என் தாடியைப் பார்த்த ஒரு சாரதி எதை நினைத்தானோ, "எந்த முகாமில்?" என்று குரலைத் தணித்துக் கேட்டான். அன்றிலிருந்து பொண்ட் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

2

ஊரில் நான் ஒரு பறவையைக்கூடப் படம் எடுத்ததில்லை. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு சிறிய ஸ்டூடியோ இருந்தது. பகலில் ஐடென்டிட்டி கார்ட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் முகம் எடுப்பேன். விடுமுறை நாட்களில் கல்யாண வீடு. நம் கரையோரத்தில் இருந்து கட்டாருக்கும் குவைத்துக்கும் போன எத்தனையோ பேருக்கு, "காது தெரியக் காட்டுங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். கொக்கும் கானாங்கோழியும் ஸ்டூடியோவுக்குப் பின்னாலிருந்த வடிகானிலேயே நடந்து திரிந்தன. நான் திரும்பியும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டு வளவுக்குள் ஒரு கானாங்கோழி ஓடி வந்தால் கையைத் தட்டித் துரத்திவிட்டுத்தான் மாப்பிள்ளையை நிறுத்துவேன்.

அந்தத் தொழிலில் இருந்து மூன்று பழக்கங்கள் இன்னும் என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. படத்துக்குள் தேவையில்லாத எதுவும் நிற்கக்கூடாது. கொடியில் தொங்கும் உடுப்பு, வாளி, சைக்கிள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டுத்தான் பட்டனை அமுக்குவேன். இரண்டாவது, எதை எடுத்தாலும் முதலில் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்வேன். அப்போதுதான் நிறம் சரியாக வரும். மூன்றாவது, பாஸ்போர்ட் படத்தில் கை வைக்கமாட்டேன். கல்யாணப் பெண்ணை எவ்வளவும் வெளுக்க வைப்பேன். பாஸ்போர்ட் முகத்தில் மரு இருந்தால் மரு இருக்கும். இதை என் மகளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

மகள் ஹனா. இங்கே வந்தபோது அவளுக்கு மூன்று வயது. ஏழெட்டு வயதில் ஃபிளாஸ்கில் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே குளத்துக்கு வருவாள். நூலகத்தில் எடுத்த பறவைப் புத்தகத்தைப் பார்த்து அவள் ஆங்கிலப் பெயரைச் சொல்ல, நான் தமிழ்ப் பெயரைச் சொல்ல, இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். எனக்குப் பெயர் தெரியாத பறவைக்கு நானே ஒரு பெயர் வைத்துவிடுவேன். அது அவளுக்குத் தெரியாது.

பதின்மூன்று வயதானதும் அவள் வருவதை நிறுத்தினாள். ஒரு நாள் கூப்பிட்டபோது போர்வைக்குள் இருந்தபடியே, "ஒவ்வொரு நாளும் அதே தாராதானே வாப்பா" என்றாள். நான் சிரித்துவிட்டுப் போனேன். ஆனால் குளத்தடியில் உட்கார்ந்திருந்தபோது மனசு சரியாக இல்லை. இங்கே பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு விலகுவதில்லை. கதவு மெதுவாகச் சாத்தப்படும், காதில் எதையோ செருகிக்கொள்வார்கள், பிறகு நாம் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் வரும்.

3

சென்ற வருடம் மே மாதம் ஒரு தாழைக்கோழி ஏழு குஞ்சுகள் பொரித்திருந்தது. கறுத்த பஞ்சுக்கு மேல் சிவப்புத் தலை வைத்த மாதிரிக் குஞ்சுகள். ஐந்து காலையும் போய்க் காத்திருந்தேன். ஒரு படம் சரிவரவில்லை. கரையோரம் நீண்ட புல்லும் சின்ன இலைக் கொடியும் தண்ணீருக்கு மேல் மண்டிக்கிடந்தன. தாய் வந்தால் குஞ்சு தெரியாது. குஞ்சு வந்தால் கமெரா புல்லைப் பிடித்துக்கொண்டு விடாது.

ஆறாம் நாள் வீட்டுக் கொட்டிலில் கிடந்த குப்பை வாரியை எடுத்துக்கொண்டு போனேன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்தில் இறங்கி, ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில் களையை வாரி வெளியே போட்டேன். யாரிடமும் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நம் பக்கத்தில் ஒருவன் குளத்தில் இறங்கிக் களை பிடுங்கினால், போகிறவன் வருகிறவன் எல்லாம் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவான். ஆற்றுவாழையும் சல்வீனியாவும் மூடிய வாய்க்கால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குக் களை என்றால் அதுதான். அரை மணித்தியாலம் முதுகு நோக வேலை செய்தேன். உடம்புக்கு அப்படி ஒரு சந்தோசம்.

வாரிய களையை நான் தூரத்தில் எறியவில்லை. தண்ணீர் ஓரத்திலேயே, வேர்ப்பக்கம் தண்ணீரைத் தொடும்படி குவித்து வைத்தேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகச் செய்தது. விதைப்புக்கு முன்னால் எங்கள் வயல் வட்டையில் வாய்க்கால் துப்புரவு நடக்கும்போது அப்படித்தான் வைப்போம். எனக்கு மூத்தவர், நஸீர் காக்கா, அந்த விசயத்தில் சரியான பிடிவாதக்காரர். அன்றைக்கே களையை வாய்க்கால் மேட்டுக்கு ஏற்றினால் கத்துவார். ஒரு இரவு ஓரத்தில் கிடக்க வேண்டும். களைக்குள் மாட்டிய விரால் குஞ்சும் இறாலும் வழுக்கி வழுக்கித் தண்ணீருக்குத் திரும்பிவிடும். மறுநாள்தான் மேலே ஏற்றுவது. பாவம் பார்த்து அல்ல, பின்னாளில் ஆணம் காய்ச்ச மீன் வேண்டும் என்பதற்காக.

இங்கே இந்தக் குளத்து மீனை யாரும் தின்பதில்லை. இருந்தாலும் வைத்தேன். குவியலில் ஒரு சின்ன இலை, வெற்றிலையை மடித்த மாதிரி மடிந்திருந்தது. மடிப்பு கொஞ்சம் விலகி, உள்ளே மணி போல ஏதோ ஒன்று தெரிந்தது. பார்க்க வடிவாக இருந்தது. வழக்கம் போல வெள்ளைக் கடதாசியைப் பிடித்து ஒன்றும், பிறகு கிட்டப் போய் நாலைந்தும் எடுத்தேன்.

அடுத்த நாள் காலை தாழைக்கோழி ஏழு குஞ்சுகளோடும் அந்தத் துப்புரவான தண்ணீரில் வந்து நின்றது. சாவதானமாக எடுத்தேன். காக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மாஷா அல்லாஹ். நல்ல கொழுத்த கோழி. புடிக்க ஏலாதா?" என்று பதில் வந்தது.

4

அன்று பின்னேரம் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த ஹனா என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

"வாப்பா, இந்த இலைய எங்க எடுத்தீங்க?"

"நம்மட குளத்துலதான் புள்ள. வடிவா இரிக்கிதா?"

"இது நியூட்டுட முட்டை வாப்பா. ஸ்கூல்ல படிச்சம். ஒவ்வொரு முட்டையா வெச்சி, இலைய மடிச்சி மூடும்." அவள் படத்தைப் பெரிதாக்கினாள். "இது என்ன, வெளியிலயா கிடக்கு? ஆரு புடுங்கின?"

நியூட் என்பது பல்லி மாதிரி இருக்கும், தவளையின் இனத்தைச் சேர்ந்த ஒரு நீர்ப்பிராணி. இந்த நாட்டில் அதில் ஒரு வகைக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. அதன் முட்டையைக்கூட அழித்தால் குற்றம். ஹனா கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து, தமிழில் சொல்ல வார்த்தை கிடைக்காமல், ஆங்கிலத்திலேயே வாசித்தாள். சம்ஸியா குசினியில் இருந்து வந்து கதவோரம் நின்றாள். அவளுக்கு ஒரு சொல் மட்டும் நன்றாக விளங்கியது. குற்றம்.

ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் நாங்கள் மூன்று பேருக்கும் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். பத்து வருடத்தில் எத்தனை விசா, எத்தனை நீடிப்பு, எத்தனை கைரேகை. கடைசிப் படி இதுதான். அந்த விண்ணப்பத்தில் நன்னடத்தைக்கென்று தனிப் பக்கங்கள் உண்டு. ஏதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா என்று பல விதமாகக் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுக் கையெழுத்து வைத்திருந்தேன். முடிவு வருவதற்கு முன் ஏதாவது மாறினால் அறிவிக்க வேண்டும் என்றும் கீழே இருந்தது.

"ஆரும் கண்டதா?" என்று சம்ஸியா கேட்டாள்.

"இல்ல."

"அப்ப அந்தப் படத்த அழிச்சிப் போட்டுப் பேசாம இரிங்க. ஒரு பல்லிட முட்டைக்காக இவ்வளவு காலத்தையும் தொலைக்கப் போறீங்களா?"

அவளைக் குறை சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் ஆவணங்களை உறையில் போட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி ஒட்டியவள் அவள்தான். உண்மையைச் சொல்வதென்றால், அவள் சொல்வதற்கு முன்பே என் விரல், திரையில் அழிப்பதற்கென்று இருக்கும் குப்பைக்கூடைக் குறிக்கு மேல் வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு பயம்.

ஹனா என் விரலைப் பார்த்தாள். "பாஸ்போர்ட் போட்டோவில மருவக்கூட அழிக்கமாட்டன் எண்டு சொல்லுவீங்கதானே வாப்பா" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

நான் அழிக்கவில்லை. ஆனால் அழிக்கமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கணினியை மூடி வைத்தேன்.

5

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டுக் காக்காவுக்கு அழைத்தேன். ஊரில் நன்றாக வெயில் ஏறியிருந்தது. அவர் வட்டையில் நின்றார், பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் முட்டையைப் பற்றியோ பிரஜாவுரிமையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"களைய எங்க போட்ட தம்பி?"

"தண்ணி ஓரத்துலதான்."

"வேர் எந்தப் பக்கம்?"

"தண்ணிப் பக்கம்."

"இன்னும் அங்கதான் கிடக்கா?"

"ஓம். மேல ஏத்த நேரம் கிடைக்கல்ல."

"அப்ப என்னத்துக்குடா நடுங்கிற? போய்ச் சொல்லு. சொன்னா ஏசுவானுகள், ஏச்சு வாங்கிட்டு வா. சொல்லாம உட்டா, அந்தக் குளத்துப் பக்கம் உனக்குத் திரும்பிப் போக மனசு வருமா?"

அது உண்மை. அன்று காலை நான் குளத்துக்குப் போகவில்லை. பத்து வருடத்தில் காய்ச்சல் இல்லாமல் வீட்டில் இருந்த முதல் காலை அது.

ஒன்பது மணிக்கு, குளத்தடி நகரசபைப் பலகையைப் பார்த்து முன்பே குறித்து வைத்திருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டுக் கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. குளத்தில் ஒருவர் களை பிடுங்கியிருக்கிறார் என்று தொடங்கினேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அந்த நபரைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"நன்றாகத் தெரியும்" என்றேன். பிறகு, "அது நான்தான்" என்றேன்.

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, குளத்தைப் பார்க்க ஒருவரை அனுப்புவதாகவும், வனவிலங்கு சம்பந்தப்பட்டது என்பதால் இன்னோர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் முறைப்பாட்டுப் படிவம் ஒன்றும் நிரப்ப வேண்டும் என்றும் அந்தப் பெண் சொன்னார். படிவம் நிரப்பாமல் இந்த நாட்டில் தப்புக்கூடச் செய்ய முடியாது.

பள்ளி விட்டு வந்த ஹனாவிடம் சொன்னேன். பையை வைத்துவிட்டு உடனே கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் படிவத்தை வடிவமைத்தவர்கள், தன்னைத் தானே காட்டிக்கொடுக்க ஒருவன் வருவான் என்று நினைத்தே பார்க்கவில்லை. சந்தேகநபரின் அடையாளங்கள் என்று ஒரு பெட்டி. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை.

"வயசு?" என்று ஹனா கேட்டாள்.

"நாப்பத்தெட்டு எண்டு போடு."

"பாத்தா எத்தின வயசு எண்டுதான் வாப்பா கேக்கிறாங்க." என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஐம்பத்தைந்து என்று போட்டாள். "உடுப்பு?"

சாரனுக்கு அங்கே ஒரு சொல்லும் பொருந்தவில்லை. கடைசியில் கட்டம் போட்ட நீளப் பாவாடை, பச்சை ஜம்பர், ரப்பர் சப்பாத்து என்று எழுதினாள். அடுத்த கேள்வி, சந்தேகநபர் உங்களைக் கவனித்தாரா என்பது.

"ஓம் எண்டு போடவா?" என்று கேட்டுவிட்டு அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்கும் வந்துவிட்டது. பயம் போகவில்லை, இருந்தும் சிரித்தேன். சம்ஸியா மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசிப் பெட்டியில், மேலே சொன்ன நபர் நானே, என் பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் இருக்கின்றன என்று எழுதி அனுப்பினோம்.

6

அடுத்த நாள் காலை குளத்தடிக்கு வந்தவர் ஜூடி என்ற பெண். அறுபது வயது இருக்கும். நகரசபைக்காகக் குளங்களைப் பார்த்துக்கொள்கிறவர். அன்றைக்கு நான் காற்சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஏதோ நேர்முகப் பரீட்சைக்குப் போகிற மாதிரி.

ஜூடி நேரே குவியலுக்குப் போய்க் குனிந்து, ஒரு பிடி களையை எடுத்து விரித்தார். வைத்தார். இன்னொரு பிடி. யா அல்லாஹ், இந்த அம்மா ஏதாவது சொல்லட்டும் என்று நின்றேன்.

"இதை இங்கே வைக்கச் சொன்னது யார்?"

போச்சு என்று நினைத்தேன். "யாரும் இல்லை. நான்தான். என் ஊரில் இப்படித்தான்" என்று தொடங்கி, வாய்க்கால், விரால் குஞ்சு, காக்கா, மறுநாள் மேலே ஏற்றுவது என்று உளறிக் கொட்டினேன். என் ஆங்கிலம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியாது. கையாலேயே பாதி சொன்னேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நாங்களும் இதைத்தான் செய்கிறோம்" என்றார். "இதை ஆட்களுக்குப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. எல்லோரும் வாரி, வண்டியில் ஏற்றிவிடத்தான் பார்ப்பார்கள்."

களை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. தும்பிப் புழுவும் நத்தையும் தண்ணீருக்குத் திரும்பியிருக்கும் என்றார். முட்டை எந்த வகை என்பதுதான் கேள்வி. குவியலைக் கிளறிப் பார்த்தார். ஐந்தாறு மடிந்த இலைகள் கிடைத்தன. ஒன்றையும் பிரிக்காமல் அப்படியே தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். மடிப்பைப் பிரிக்கக்கூடாதாம். பிறகு, "திறந்த நிலையில் படம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருந்தது. கமெராவில் காட்டினேன். முதல் படத்தில் இலையும் பக்கத்தில் வெள்ளைக் கடதாசியும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பாதுகாக்கப்பட்ட வகையின் முட்டை கொஞ்சம் பெரிது, மஞ்சள் கலந்த வெள்ளை. சாதாரண வகையின் முட்டை சிறியது, மங்கிய பழுப்பு. மற்றப் படங்களில் நிறத்தை நம்ப முடியாது, இதில் கடதாசி இருப்பதால் சந்தேகமே இல்லை என்றார்.

"பழுப்பு. இது சாதாரண வகை. நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை."

அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த வாங்கில் உட்கார்ந்தேன். முந்தாநாள் அந்தப் படத்தை அழித்திருந்தால் நான் எதைக் காட்டியிருப்பேன்?

ஏச்சும் கிடைத்தது. காக்கா சொன்னது போலவே. வசந்தத்தில் எந்தக் குளத்திலும் களையில் கை வைக்கக்கூடாது, எல்லா உயிரும் அதற்குள்தான் குடும்பம் நடத்துகிறது, படம் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும் என்று, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். ஏச்சு அவ்வளவு இனிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

நடந்ததை நாலு வரியில் எழுதி ஒரு கடிதமும் அனுப்பி வைத்தார். யாரும் கேட்காமலே அதன் பிரதியைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தோடு சேர்க்கும்படி அனுப்பினேன். உறையைச் சம்ஸியாதான் ஒட்டினாள். பிஸ்மில்லாஹ் சொல்லி.

7

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒக்டோபரில் குளத்துத் துப்புரவுக்கு ஜூடி என்னைக் கூப்பிட்டார். போனேன். வந்திருந்த பத்துப் பேருக்கும் வேர்ப்பக்கம் தண்ணீரைத் தொடும்படி குவிப்பது எப்படி என்று காட்டும் வேலையை என்னிடம் தந்தார். அதைப் படம் எடுத்துக் காக்காவுக்கு அனுப்பினேன். "வெள்ளைக்காரனுக்கும் நாமதான் சொல்லிக் குடுக்கணும்" என்று ஊர் முழுக்கக் காட்டித் திரிந்தாராம். ஹனாவையும் கூப்பிட்டுப் பார்த்தேன். சிநேகிதியின் வீட்டில் ஏதோ விசேஷமாம், வரவில்லை. படிவம் நிரப்பிய அன்று பக்கத்தில் உட்கார்ந்தாள் என்பதற்காகப் பழைய ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள் என்று நான் நினைத்திருக்கக்கூடாது.

மார்கழிக் குளிரில் பிரஜாவுரிமை கிடைத்தது. பாஸ்போர்ட் படங்களை நானே எடுத்தேன். "காது தெரியக் காட்டுங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. சம்ஸியாவின் கன்னத்து மரு அப்படியே இருக்கிறது.

இப்போது அந்த மின்னஞ்சலுக்கு வருகிறேன். நாங்கள் நிரப்பிய அந்தப் படிவத்தை மறந்தே போயிருந்தோம். அது மறக்கவில்லை. ஒரு வருடமாக எந்தெந்த மேசையில் கிடந்து வந்ததோ, போன கிழமை பதில் வந்திருந்தது. அதன் சாரம் இதுதான்.

'தங்கள் முறைப்பாட்டுக்கு நன்றி. கட்டம் போட்ட நீளப் பாவாடையும் பச்சை ஜம்பரும் அணிந்திருந்ததாகத் தாங்கள் குறிப்பிட்ட, ஏறத்தாழ ஐம்பத்தைந்து வயதுடைய ஆணை எங்களால் அடையாளம் காண இயலவில்லை. முறைப்பாடு முடிவுறுத்தப்படுகிறது. அந்நபரை மீண்டும் குளத்தருகே கண்டால், தயவுசெய்து அவரை நெருங்க வேண்டாம். எங்களுக்கு அறிவிக்கவும்.'

இந்த நகரத்தில் சாரனோடு வெளியே நடமாடும் ஒரே ஆள் நான். பால் கொண்டு வருகிறவர், நாயை நடத்திக்கொண்டு வருகிற கிழவர், பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடைசிப் பெட்டியை மட்டும் ஒருவரும் வாசிக்கவில்லை. சிரித்து முடித்த பிறகு சம்ஸியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப உங்களத் தேடியிரிக்கானுகள்!" என்றாள். அதற்கு மறுபடியும் சிரித்தோம். ஹனா அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு, அதே சாரன், அதே ஜம்பர். கதவைத் திறக்கும்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஹனா ரப்பர் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திரும்பிப் போய்விடுவாளோ என்று பயம்.

தாழைக்கோழி இந்த வருடம் ஐந்து குஞ்சுகள் பொரித்திருக்கிறது. களை முன்னாலேயே மண்டிக்கிடக்கிறது, கிடக்கட்டும். நான் ஓரத்தில் குந்திக்கொண்டு கமெராவைச் சரிசெய்தேன். திரும்பிப் பார்த்தால் ஹனா பத்தடி தள்ளி, கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி நிற்கிறாள்.

"ஏன் அங்க நிக்கிற? கிட்ட வா புள்ள."

"ஏலா வாப்பா" என்றாள். "நெருங்க வேணாம் எண்டு எழுதியிரிக்காங்க."

சொல்லிவிட்டு வந்து, என் பக்கத்தில், ஈரப் புல்லிலேயே குந்திக்கொண்டாள்.